கேப் டவுனில் வாரத்துக்கு ஒன்றரை நாள்

அன்புள்ள ஐயா,

கோவையில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது பள்ளிக்கால ஆசை. போன மாதம் ஒரு மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப் செய்தேன். மெஷின்களைச் சரிபார்ப்பதும் ரிஜிஸ்டர் எழுதுவதும்தான் வேலை. “ஆராய்ச்சின்னா டாக்டருக்குல்ல படிச்சிருக்கணும்” என்கிறார் மாமா. தவறான படிப்பில் சேர்ந்துவிட்டேனா?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

இல்லை. சிடி ஸ்கேனின் கதையில் பாதி, நீங்கள் அலுத்துக்கொள்ளும் இதே மாதிரி வேலையில்தான் தொடங்குகிறது.

1956. கேப் டவுனில் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனை. கதிரியக்கப் பொருளைக் கையாள இயற்பியலாளர் ஒருவரின் மேற்பார்வை வேண்டும் என்பது அங்கே சட்டம். இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆலன் கார்மக்கைக் கூப்பிட்டார்கள். வாரத்துக்கு ஒன்றரை நாள்.

புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சின் அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று அங்கே பக்கத்திலிருந்து பார்த்தார். உடம்பு முழுக்க ஒரே பொருளால் ஆனது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். எலும்பும் தசையும் நுரையீரலும் கதிரை ஒரே மாதிரியா உறிஞ்சும்? உள்ளே எந்த இடம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வெளியிலிருந்தே அளந்து சொல்ல முடியுமா என்று யோசித்தார். பல கோடுகளில் கதிரைச் செலுத்தி, மறுபக்கம் வந்து சேர்வதை அளந்து, கணிதத்தால் உள்ளிருப்பதை மீட்க வேண்டும்.

1957இல் அலுமினியமும் மரமும் சேர்ந்த ஒரு வட்டத் துண்டில் சோதித்தார். கணக்கு சரியாக வந்தது, நட்டநடுவில் மட்டும் சின்னதாக ஓர் இடறல். துண்டைச் செய்த பட்டறையில் போய் விசாரித்தார். நடுவில் வேறு வகை அலுமினிய முளை ஒன்றை வைத்திருந்தார்களாம். யாரும் சொல்லாத முளையைக் கணக்கு கண்டுபிடித்துவிட்டது! எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும்.

1963இலும் 64இலும் கட்டுரைகளை வெளியிட்டார். ஏறக்குறைய யாருமே கண்டுகொள்ளவில்லை. பிரதி கேட்டு எழுதியவர்களில் சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையமும் ஒன்று. அப்புறம் இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் தனியாக இதே வழிக்கு வந்து, சிடி ஸ்கேன் கருவியையே செய்தார். 1971 அக்டோபர் 1 அன்று அதில் முதன்முதலாகப் படுத்தவர் மூளையில் கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தோடு வந்த ஒரு பெண். 1979இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு. இருவருமே டாக்டருக்குப் படித்தவர்கள் இல்லை, முனைவர் பட்டமும் கிடையாது. மாமாவிடம் சொல்லுங்கள்.

என் சித்திக்கு வாயில் புற்றுநோய் வந்தபோது ரேடியேஷனுக்கு நான்தான் கூடப் போனேன். தலை அசையாமலிருக்க, முகத்தின் அளவுக்கே வார்த்த வெள்ளை வலை முகமூடி ஒன்றைப் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். நான்காவது வாரம், பூட்டிய பிறகு டெக்னீஷியன் கன்னத்துக்கும் வலைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாகப் போனது. சாப்பிட முடியாமல் சித்தி அவ்வளவு இளைத்திருந்தார். அன்றைக்குச் சிகிச்சையை நிறுத்தி, மறுபடி சிடி எடுத்து, புது முகமூடி வார்த்து, கணக்கை முதலிலிருந்து போட்டார்கள்.

கார்மக்கின் கேள்வி இன்னும் முடியவில்லை, கார்த்திகா. ஸ்கேன் எடுப்பது ஒரு நாள், சிகிச்சை பல வாரம். அதற்குள் உடம்பு மாறுகிறது, கட்டி சுருங்குகிறது, நுரையீரல் கட்டியென்றால் ஒவ்வொரு மூச்சுக்கும் நகர்கிறது. அதைத் தினமும் பார்த்துக் கணக்கைத் திருத்தும் கருவிகளுக்காக இன்று பலர் உழைக்கிறார்கள். உங்களைப் போன்றவர்கள் அங்கே நிறையத் தேவை.

அடுத்த விடுமுறையில் ரேடியோதெரபி பிரிவில் இடம் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.