பின்புற பி.டி.ஓ.: பழைய தோட்ட டிராக்டர்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

பழைய அமெரிக்கத் தோட்ட டிராக்டர்களைச் சீர்செய்து ஓட்டும் நண்பர்கள் பலர், பின்புறத்தில் கருவிகளை மாட்டுவது குறித்துக் கேட்டிருந்தார்கள். எஞ்சினின் சக்தியைக் கருவிக்குக் கொண்டுசெல்லும் சுழல்தண்டைத்தான் பி.டி.ஓ. என்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1950களின் ஃபார்மால் கப் இருக்கிறது. பெரிய டிராக்டருக்கான புல்வெட்டும் கருவியை பொருந்தாத இரு தண்டுகளை இணைக்கும் ஓர் அடாப்டர் போட்டு மாட்டினேன். புல் வெட்டுப்படாமல் மடங்கிப் படுக்கிறது. கருவியும் அளவுக்கு மீறி இரைகிறது. கத்தியைத் தீட்டினால் சரியாகுமா?

பதில்: தீட்டிப் பயனில்லை, முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள். உங்கள் கத்தி பின்னோக்கிச் சுற்றுவதால், அதன் மழுங்கிய முதுகுதான் புல்லில் படுகிறது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1947 முதல் 1979 வரை தயாரித்த கப் டிராக்டரில், பின்தண்டு எஞ்சினின் வேகத்திலேயே, எஞ்சினின் திசையிலேயே சுற்றும். நம்பிக்கை வராவிட்டால் நீங்களே பார்த்துவிடலாம். ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, பி.டி.ஓ.வை இணைத்து, தண்டின் முனையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஒருவரை முன்னால் நின்று எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். கோடும் சரியாக ஒரு சுற்றுச் சுற்றும். பின்னால் நிற்கும் உங்கள் கண்ணுக்கு அது இடஞ்சுழியாகத் தெரியும். உங்கள் கருவியோ நிமிடத்துக்கு 540 சுற்று, வலஞ்சுழி என்ற பொது விதிக்காகச் செய்யப்பட்டது. எஞ்சின் 1800 சுற்றில் ஓடும்போது கத்தி தனக்குரிய வேகத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேலாகச் சுற்றுகிறது. மையவிலக்கு விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், கத்தியைப் பிடித்திருக்கும் போல்ட் ஏறத்தாழ 11 மடங்கு இழுவிசையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தீர்வு, வேகத்தை 3.3-க்கு 1 என்று குறைத்துத் திசையையும் மாற்றும் கியர்பாக்ஸ். ஒன்றையொன்று கடிக்கும் இரு பல்சக்கரங்கள் எதிரெதிராகவே சுற்றும் என்பதால், ஒரே ஜோடி இரண்டு வேலையையும் முடித்துவிடும்.

கேள்வி: அடாப்டரைக் கடையிலேயே விற்கிறார்களே, ஐயா? பொருந்தினால் ஓட்டலாம் என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. 540 சுற்றுத் தண்டு 1⅜ அங்குல விட்டமும் 6 பற்களும் கொண்டது. பின்னாளில் 1000 சுற்று வந்தபோது, அதே விட்டத்தில் 21 பற்கள் வைத்தார்கள். வேகம் மாறினால் தண்டு உள்ளே நுழையவே கூடாது என்பதுதான் அதன் நோக்கம். பற்களின் எண்ணிக்கை ஒரு பூட்டு என்றால், அடாப்டர் அதற்கான கள்ளச்சாவி. பல சிறு டிராக்டர்களின் நடுப்பகுதி பி.டி.ஓ. 2000 சுற்றில் ஓடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நான் அடாப்டரை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேகத்தையும் திசையையும் அளந்து உறுதிசெய்த பிறகு, கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அது.

கேள்வி: 12 குதிரைத்திறன் கோலர் எஞ்சின் உள்ள கப் கேடட் வைத்திருக்கிறேன். முன்புறப் புல்லியிலிருந்து பெல்ட் வழியாகப் பின்னால் ஒரு 540 சுற்றுத் தண்டை நானே அமைக்கலாமா?

பதில்: அமைக்கலாம், ஆனால் உங்கள் நோக்கம் ரோட்டவேட்டர் மட்டும் என்றால், பெல்ட்டால் ஓடும்படி அந்த டிராக்டருக்கென்றே வந்த பழைய ரோட்டவேட்டரைத் தேடிப் பிடிப்பதே மலிவாக முடியும். எஞ்சின் 3600 சுற்று. அதை 540 ஆக்க 6.67 மடங்கு குறைக்க வேண்டும். ஒரே படியில் செய்தால் 3 அங்குலப் புல்லிக்கு எதிரே 20 அங்குலப் புல்லி வேண்டியிருக்கும். அதை வைக்க அடியில் இடமே கிடையாது. முதல் படியில் பெல்ட்டால் 2.5 மடங்கும், மீதியைக் கியர்பாக்ஸாலும் குறையுங்கள். கடைசிப் படியில் முறுக்குவிசை 158 நியூட்டன் மீட்டரை எட்டுவதால், அங்கே ஒற்றைப் பெல்ட் வழுக்கிப் புகையும். குறுக்கிப் போடாத பெல்ட் திசையை மாற்றாது. ஆகவே உங்கள் எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைப் பின்னால் நின்று பார்த்த பிறகே கியர்பாக்ஸை வாங்குங்கள். புதர்வெட்டிக்கு ஓர் அடி அகலத்துக்கு 5 குதிரைத்திறன் என்பது நடைமுறைக் கணக்கு. நான்கடிக் கருவி மலிவாகக் கிடைத்தாலும் அது உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: கிளட்ச்சை மிதித்தும் டிராக்டர் நிற்காமல் வேலியை நோக்கிப் போய்விட்டது. பின்னால் புதர்வெட்டி மாட்டியிருந்தேன். கிளட்ச் தட்டு ஒட்டிக்கொண்டதா?

பதில்: கிளட்ச் மேல் குற்றமில்லை. கியர்பெட்டி வழியாகத் தண்டு ஓடும் பழைய வகைகளில், கிளட்ச்சை மிதித்த பிறகும் கனமான கத்தியின் சுழற்சி தண்டு வழியே திரும்பி வந்து சக்கரத்தைத் தள்ளும். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு ஓட ஃப்ரீவீல் உதவுகிறதல்லவா? அதே வேலையைச் செய்யும் ஓவர்ரன்னிங் கிளட்ச்சைத் தண்டில் மாட்டுங்கள். அது சில அங்குல நீளத்தைக் கூட்டும் என்பதால், இணைப்புத் தண்டை அளந்து குறைக்க வேண்டிவரும்.

கேள்வி: அப்படி வெட்டிக் குறைத்த தண்டு, நேராக இருந்தும் உதறுகிறது.

பதில்: இரு பகுதிகளையும் பிரித்துப் பூட்டும்போது பல் மாறியிருக்கும். தண்டின் நடுப்பகுதியின் இரு முனைகளிலும் உள்ள கவைகளைப் பாருங்கள். அவற்றின் காதுகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளியிருந்தாலும், ஒரு முனையின் யுனிவர்சல் ஜாயின்ட் (தண்டு சாய்ந்திருந்தாலும் சுற்றவிடும் மூட்டு) உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது முழுமையாக ஈடுசெய்யாது. குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது நுழைந்திருக்கட்டும்.

கேள்வி: முன்பு வைத்திருந்தவர் தண்டின் மேலுறையைக் கழற்றிவிட்டார். மெதுவாகத்தானே ஓட்டுகிறேன், தேவையா?

பதில்: 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. 35 மில்லிமீட்டர் தண்டு, ஒரு நொடியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். சட்டை நுனி சிக்கியதை நீங்கள் உணர்வதற்குள் தோள் தண்டருகே போய்விடும். உறை வாங்கி மாட்டும்வரை அந்தக் கருவியை இயக்காதீர்கள்.

கேள்வி: கேஸ் (Case) நிறுவனத்தின் என் பழைய டிராக்டரில் பின்தண்டே இல்லை. யாராவது கழற்றி விற்றுவிட்டார்களா?

பதில்: இல்லை, யாரும் கழற்றவில்லை. 1964-இல் கோல்ட் நிறுவனத்தை வாங்கிய கேஸ், அதன் தோட்ட டிராக்டர்களில் சக்கரத்தை ஹைட்ராலிக் மோட்டாராலேயே ஓட்டியது. ரோட்டவேட்டருக்கும் தனி ஹைட்ராலிக் மோட்டார் உண்டு. இரண்டு குழாய்களை இணைத்தால் போதும். உங்கள் வண்டியில் அதற்கான வால்வு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்; இல்லையென்றால், ரோட்டவேட்டர் வாங்கும்போது வால்வையும் குழாய்களையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.