ஐயாவின் படத்தில் நிற்பது என்ன விமானம்?

கேள்வி: தாத்தா காலத்துப் படம் ஒன்றில் இரட்டை இறக்கை விமானம் நிற்கிறது. அது என்ன ரகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதே விமானத்தை வெளிநாட்டு அருங்காட்சியகம் எதிலாவது நேரில் பார்க்க முடியுமா?

முதலில் மூக்கைப் பாருங்கள். எல்லோரும் இறக்கையைத்தான் பார்ப்பார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று அவை ஏறக்குறைய ஒரே சாயலில் இருக்கும். ரகத்தைக் காட்டிக்கொடுப்பது இஞ்சின்.

அதற்கும் முன் ஒன்று உண்டு. படம் ஸ்டூடியோவில் எடுத்ததா என்று பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்தில் அட்டை விமானத்துக்குப் பின்னால் ஆளை நிறுத்திப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். சக்கரத்தின் நிழல் தரையில் விழுந்திருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

எங்கள் வீடு கானாடுகாத்தானில். இரண்டாம் கட்டுப் பெட்டகத்தில் கிடந்த படத்தில் ஐயா, அதாவது என் தாத்தா, வேட்டியும் மேலே கோட்டுமாக, காலில் செருப்பில்லாமல் விமானத்தின் பக்கத்தில் நிற்கிறார். மலாயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்; கிட்டங்கி என்ற செட்டியார் தொழிற்கடையில் பெட்டியடி என்கிற எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, முதலாளிக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாள் வரை உயர்ந்தவர். படத்தின் பின்பக்கம் பென்சிலில் 'பினாங்கு' என்ற ஒரு சொல் மட்டும். "ஐயா ஓட்டிய விமானம்" என்பது அப்பத்தாவின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

நானும் பல வருடங்கள் அதை டைகர் மாத் என்ற பிரிட்டிஷ் பயிற்சி விமானம் என்றே சொல்லித் திரிந்தேன். 8,000-க்கு மேல் செய்யப்பட்ட ரகம் என்பதால், ஆங்கிலேயர் காலத்து விமானம் எதைப் பார்த்தாலும் டைகர் மாத் என்று சொல்லிவிடுவது வழக்கம். மகள் லண்டனில் வேலைக்குப் போன பிறகு அறிவியல் அருங்காட்சியகத்தின் மூன்றாம் தளத்தில்தான் என் அறியாமை வெளுத்தது. ஆங்கிலேய விமானி ஏமி ஜான்சன் 1930 மே மாதம் தனியாக லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் வரை ஓட்டிச் சென்ற 'ஜேசன்' என்ற விமானம் அங்கே இருக்கிறது. அது டைகர் மாத்துக்கு முன்னோடியான ஜிப்ஸி மாத். போகிற வழியில் ரங்கூன் பக்கத்து இன்செயினில் தரையிறங்கும்போது பள்ளத்தில் இறங்கி இறக்கை கிழிந்துபோய், பழைய விமானத் துணியில் தைத்த சட்டைகளைக் கொண்டு ஒட்டுப்போட்டார்களாம். பர்மாவில் நம்மவர்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. அந்தக் கூட்டத்தில் எத்தனை செட்டியார்கள் வேடிக்கை பார்த்தார்களோ.

அந்த விமானத்தின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இஞ்சின் மூடியின் மேல்விளிம்புக்கு வெளியே நான்கு சிலிண்டர்களின் தலைகள், அடுப்பில் வரிசையாக வைத்த குண்டான்கள் போல நீட்டிக்கொண்டிருந்தன. செல்பேசியில் இருந்த ஐயாவின் படத்தைப் பெரிதாக்கினேன். அவர் தோளுக்கு மேலே அதே நான்கு தலைகள்! இத்தனை நாள் அதைப் படத்தில் விழுந்த பூஞ்சைக் கறை என்று நினைத்திருந்தேன்.

டைகர் மாத்தில் இஞ்சினைத் தலைகீழாகப் பொருத்தியிருப்பார்கள். சிலிண்டர்கள் கீழ்நோக்கி இருப்பதால் மூக்கின் மேல்பக்கம் வழுவழுவென்று சரியும். அடுத்த அடையாளம் இறக்கை. டைகர் மாத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். முன் இருக்கைக்காரர் பாராசூட்டோடு வெளியேற இடம் வேண்டும் என்று மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னே தள்ளினார்கள். அதனால் எடைச் சமநிலை கெடாமலிருக்க இறக்கைகளைப் பின்னே சாய்த்தார்கள். இஞ்சின் தலைகீழாகவும் இறக்கை நேராகவும் இருந்தால் அது அதே குடும்பத்து மாத் மேஜராக இருக்கலாம். இதில் நான் ஒருமுறை வாய்விட்டு மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூக்கில் சிலிண்டர்கள் பூவிதழ் போல வட்டமாக விரிந்து, மூடியில்லாமல் தெரிந்தால் அமெரிக்க ஸ்டியர்மேனா என்று பாருங்கள். முதல் உலகப்போர்க் கால விமானம் என்றால், கீழ் இறக்கை மட்டும் நுனியை நோக்கி மேலே உயர்ந்து மேல் இறக்கை தட்டையாக இருப்பது சாப்வித் கேமல்.

உடலில் எழுத்து தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 'வி.டி.' என்றால் இந்தியா. 1937-இல் பிரியும் வரை பர்மாவுக்கும் அதுவே, பிறகு 'எக்ஸ்.ஒய்.' 'வி.ஆர்.' போட்டு அடுத்து 'எஸ்' வந்தால் பினாங்கும் சிங்கப்பூரும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி. எங்கள் படத்தில் 'வி.ஆர்.' வரை தெரிகிறது. மீதியை ஐயாவின் கோட்டு மறைத்துவிட்டது. எழுத்துக்குப் பதில் விமானப்படையின் வட்டமுத்திரை இருந்து, அதன் நடுவில் சிவப்புப் பொட்டுக்குப் பதிலாக வெளிர்நிறம் இருந்தால், இரண்டாம் உலகப்போரில் நம் வட்டாரத்தில் பறந்த விமானம். ஜப்பானியரின் செவ்வட்டம் என்று நினைத்துத் தம்மவர்களே சுட்டுவிடக் கூடாதென்று சிவப்பை எடுத்துவிட்டார்கள். செட்டிநாட்டிலும் போர்க்கால ஓடுதளம் ஒன்று உண்டு என்பதால், ஊர்ப் படமாக இருந்தால் இதை அவசியம் பாருங்கள்.

இனி அருங்காட்சியகங்கள். லண்டனில் அறிவியல் அருங்காட்சியகமும் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகமும் இலவசம். ஹெண்டனுக்குக் காலின்டேல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஒன்றுக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால் நான் பெட்ஃபர்ட்ஷயரில் ஓல்டு வார்டனில் இருக்கும் ஷட்டில்வொர்த் தொகுப்பைச் சொல்வேன். அங்கே பழைய விமானங்கள் பறக்கின்றன. பறக்கும் நாள் எது என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். நான் முதல் தடவை பார்க்காமல் போய், நிறுத்திவைத்த விமானங்களோடு திரும்பினேன். காற்று அடித்தால் 1909-ஆம் ஆண்டு பிளேரியோ விமானத்தை வெளியே எடுக்க மாட்டார்கள்.

இரண்டாம் தடவை முதல் உலகப்போர்க் காலத்து அவ்ரோ 504-ஐக் கிளப்பினார்கள். அதன் இஞ்சினில் சிலிண்டர்களும் விசிறியோடு சேர்ந்தே சுழலும். நீலப்புகை எங்கள் பக்கம் வந்ததும் எனக்குக் குமட்டியது. விளக்கெண்ணெய்! சிறுவயதில் அப்பத்தா மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே சாமான். அந்த இஞ்சினில் பெட்ரோலும் காற்றும் அடிக்கூடு வழியாகவே போவதால், பெட்ரோலில் எளிதில் கரையாத விளக்கெண்ணெய்தான் தோதாக இருந்ததாம்.

இங்கிலாந்து வரை போக முடியாதவர்கள் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக பாங்காக் போகலாம். டான் முவாங்கில் தாய்லாந்து விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. கர்டிஸ் ஹாக் 3 என்ற அமெரிக்க இரட்டை இறக்கைப் போர் விமானம் வேறெங்கும் மிஞ்சவில்லை, அங்கே மட்டும்தான். டெல்லியில் பாலம் என்ற இடத்திலுள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகத்தில் வெஸ்ட்லாண்ட் வாபிடி என்ற விமானம் நிற்கிறது. 1933-இல் நம் விமானப்படையின் முதல் அணி தொடங்கியது அந்த ரக விமானங்களோடுதான்.

ஐயா ஓட்டினாரா என்று கேட்பீர்கள். படத்தில் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை வைத்திருக்கிறது. அப்பத்தாவிடம் நான் அதைக் காட்டவில்லை.

உங்கள் படத்தை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, மூக்குப் பகுதியை மட்டும் வெட்டி இங்கே போடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து.