முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பார்க்க வருபவர்களிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புதிதாகப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள், வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே வேலைதான், தமிழ்நாட்டிலிருந்து வந்தவள்.

நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் பெரும்பாலும் விஷயம் வெளியே போவது அக்கறையோடு கேட்பவர்கள் வழியாகத்தான். ஆடி மாதம் கோயிலில் கூழ் வாங்க நிற்கும்போது ஒரு ஆண்ட்டி, "அவங்களுக்கு இப்போ எப்படிம்மா இருக்கு?" என்பார். கேட்பதில் தப்பில்லை. "நேர்ல போய்ப் பாருங்க ஆண்ட்டி, சந்தோஷப்படுவாங்க" என்று சொல்லிவிட்டு நகருங்கள். அந்த முதியவர் இல்லத்தில் இருப்பதே கேட்பவருக்குத் தெரியாது என்றால் அதையும் சொல்லாதீர்கள்.

சொந்தப் பிள்ளைகளிடம் பேசுவதுதான் கஷ்டம். மூத்த மகன், செலவெல்லாம் அவர்தான் பார்க்கிறார் என்பதாலேயே அம்மாவின் உடல்நிலை முழுவதும் அவருக்குச் சொல்லப்பட வேண்டியது ஆகிவிடாது. 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், 14ஆம் பிரிவில், நோயாளி எழுத்தில் சம்மதிக்காமல் அவர் சிகிச்சை விவரத்தை வெளியிடக் கூடாது என்கிறது. நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. இங்கே போப்பியா என்று சொல்லும் தகவல் பாதுகாப்புச் சட்டமும் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. பிறந்தநாள் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போடுமுன் பின்னால் சுவரில் மருந்து அட்டவணை தெரிகிறதா என்று பாருங்கள்.

அதனால் முதலிலேயே இல்லத்தில் இருப்பவரிடமே கேட்டு எழுதி வைத்துவிட வேண்டும்: யாருக்குச் சொல்லலாம், எதைச் சொல்லலாம். பதில்கள் ஒன்றுபோல் இருக்காது. "சுகர் ஏறினா மகளுக்குச் சொல்லு, டயப்பர் போடுறதை மட்டும் மருமகள்கிட்ட சொல்லாதே" என்ற ஆயாவும் (பாட்டியும்) உண்டு. வெளியே இருப்பவருக்கு அது சின்ன விஷயம். ஆயாவுக்கு மானம். மறதி முற்றி, தானாக முடிவெடுக்க முடியாதவர் என்றால் கோப்பில் யார் பெயர் இருக்கிறது என்று சிஸ்டரிடம் கேளுங்கள், நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள்.

எச்ஐவி மாத்திரை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கையுறை எல்லோருக்கும் போடுகிறோம், ஆகவே யாரையும் தனியாக அடையாளம் காட்டத் தேவையே இல்லை.

உள்ளே பேச வேண்டியதைப் பேசாமல் விடுவதும் ஆபத்துதான். ஷிப்ட் மாறும்போது "இன்னைக்கு ஒரே அடம்" என்று சொன்னால் வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. மதியம் பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டார், எழுந்தபோது தலை சுற்றுகிறது என்றார் என்று சொல்லுங்கள். கூட வேலை செய்பவர்கள் பலர் சூலு பேசுகிறவர்கள். அவர்களுக்கும் நமக்கும் ஆங்கிலம் இரண்டாவது மொழி, எனவே முக்கியமானதை அவர்களைத் திரும்பச் சொல்லச் சொல்வது நல்லது. இதை அறைக்குள் பேசுங்கள், வராந்தாவில் வேண்டாம். தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று நினைக்கவே நினைக்காதீர்கள். இளையவர்கள் பலருக்கு வராது, தொண்ணூறு வயது தாத்தா கண்ணை மூடிக்கொண்டே எல்லாம் கேட்பார்.

ஒன்றுக்கு மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். சாசா கார்டு என்பது அரசு உதவித்தொகை வாங்கும் அட்டை. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு, பேரன் என் சாசா கார்டை வச்சுக்கிட்டு பென்ஷனைத் தரமாட்டேங்கிறான்" என்று ஒரு ஆயா கையைப் பிடித்தால், "சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும் ஆயா, ஊரெல்லாம் போகாது" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் முதியோர் சட்டத்தில் பணத்தைப் பறிப்பதும் கொடுமைதான். சந்தேகம் வந்தாலே சமூக வளர்ச்சித் துறைக்கோ போலீஸுக்கோ உடனே தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காமல் இருப்பது குற்றம். தேதி, நேரம் போட்டு ஆயா சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி முதலில் சிஸ்டரிடம் கொடுங்கள். பேரனிடம் நீங்கள் போய் விசாரிக்க வேண்டாம். மேலே இருப்பவர் கிடப்பில் போட்டால் நீங்களே நேரடியாகத் தெரிவியுங்கள், அந்தக் கடமை உங்கள் பேரிலும் இருக்கிறது.