சிமென்ட் பலகையில் பவளம் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: மன்னார் வளைகுடாவில் அனுமதி பெற்ற பவளப்பாறை மீட்புத் திட்டம் ஒன்றில் வேலை செய்கிறேன். பவள லார்வாக்கள் (நீரில் மிதந்து திரியும் இளம் பருவம்) தாமாக வந்து ஒட்டும் என்று, வார்த்த கையோடு வழவழப்பான சிமென்ட் பலகைகளைக் கடலடியில் பரப்பினோம். பாசியும் சேறும்தான் படிந்திருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: பலகை புதியது, வழவழப்பானது, தரையோடு தரையாகக் கிடக்கிறது. மூன்றுமே லார்வாவுக்குப் பிடிக்காதவை.

ஒருமுறை ஒட்டிவிட்டால் பவளத்தால் இடம் மாற முடியாது. அதனால் லார்வா ரொம்பவே பார்த்துத்தான் இடம் பிடிக்கும். அக்ரோபோரா என்ற பவள வகையின் இனங்களில் முட்டை கருவுற்று, ஒட்டும் பக்குவம் வர நான்கைந்து நாளாகும். அப்புறம் லார்வா கீழே இறங்கி, பரப்பைத் தொட்டுத் தொட்டுச் சோதிக்கும். கரீபியக் கடலில் நடந்த சோதனைகளில், வளமான பவளப்பாறையின் ஓசையைக் கேட்கவிட்டபோது லார்வாக்கள் கூடுதலாக ஒட்டின. ஆனாலும் கடைசி முடிவு அந்தப் பரப்பிலுள்ள வேதிப்பொருள்களைப் பொறுத்தது என்பதே என் கணிப்பு.

பாறையில் இளஞ்சிவப்புச் சாயம் பூசியதுபோலப் படரும் சுண்ணாம்புப் பாசியைப் பார்த்திருப்பீர்கள். லார்வா தேடுவது அதைத்தான், அதிலும் எல்லா வகையையும் அல்ல. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் செய்த ஆய்வில், அக்ரோபோரா லார்வாக்கள் டைட்டனோடெர்மா என்ற பாசியை அதிகம் விரும்பின. சில பாசிகள் மேல்தோலை உரித்துத் தள்ளும். ஒட்டிய குஞ்சும் அதோடு போய்விடும். பாசி மேல் வாழும் பாக்டீரியாவுக்கும் இதில் பங்குண்டு. சூடோஆல்டிரோமோனாஸ் பாக்டீரியா சுரக்கும் டெட்ராபுரோமோபைரோல் என்ற வேதிப்பொருள் லார்வாவைப் பவளக் குஞ்சாக உருமாற வைக்கிறது. ஆனால் அந்த வேதிப்பொருளை மட்டும் கொடுத்தபோது, ஆஸ்திரேலிய லார்வாக்களில் பல எங்கும் ஒட்டாமலேயே உருமாறிவிட்டன! எனவே மருந்து பூசி ஏமாற்றும் யோசனை வேண்டாம்.

புது சிமென்டின் காரம் போகப் பலகைகளை முதலில் நன்றாக ஊறவையுங்கள். இங்கே அக்ரோபோரா முட்டையிடுவது மார்ச் முழுநிலவை ஒட்டி. அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, இளஞ்சிவப்புப் பாசி செழித்த பாறையருகே பலகைகளை இறக்குங்கள். ரொம்ப முன்னதாக இறக்கினால் புல்போன்ற பாசி முந்திக்கொள்ளும். சில மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளங்கள் கீறிவிடுங்கள். பாசி மேயும் கிளிமீனின் பல்லுக்குக் குஞ்சுகள் தப்பும். தரையிலிருந்து உயர்த்திச் சாய்வாகப் பொருத்தினால் வண்டலும் தங்காது.

பழைய பலகைகளை இப்போதே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதிதாக ஒட்டிய பவளம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அடிப்பக்கத்தையும் ஓரங்களையும் உருப்பெருக்கியால் பாருங்கள். இரவில் நீல ஒளி டார்ச்சும் மஞ்சள் வடிகட்டியும் இருந்தால், பல இனங்களின் குஞ்சுகள் பச்சையாக ஒளிர்வதைக் காணலாம்.