பிளம் மரத்தின் தண்டில் பிசின் வடிகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்துப் பெயரை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். எந்த இடத்தில் வடிகிறது, பிசினுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. ஏற்கெனவே யாரோ பூஞ்சை மருந்து வாங்கச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

பிளம், பீச், ஆப்ரிகாட், செர்ரி எல்லாமே பட்டையில் அடிபட்டால் பிசின் விடும். பூஞ்சை, பாக்டீரியா, துளைப்பான் புழு, வேரில் தேங்கும் தண்ணீர், வெயிலில் வெடித்த பட்டை, புல்வெட்டும் இயந்திரம் உரசிய காயம் என்று எது காரணமானாலும் வெளியே தெரிவது அதே பிசின்தான்.

என் பீச் மரத்தில் தூரை ஒட்டிக் கட்டி கட்டியாக வடிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பூஞ்சை என்றார்கள். மருந்துக் கடையில் பிசினைப் பார்க்காமலே காப்பர் மருந்தை எடுத்து நீட்டினார்கள். மரத்தையே வெட்டிவிடச் சொன்னவரும் உண்டு. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு கட்டியைப் பிய்த்து விரலில் நசுக்கினேன். உள்ளே பழுப்புத் தூள். வெறும் காயத்தில் வடியும் பிசின் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். தூரில் வடிவதில் இப்படித் தூளும் எச்சமும் கலந்திருந்தால் துளைப்பானைத்தான் தேட வேண்டும். சுற்றியிருந்த மண்ணைக் கையால் விலக்கி, பிசினை வழித்து, ஓட்டைக்குள் மெல்லிய கம்பியை விட்டுத் துழாவினேன். வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாகப் புழு வந்தது. தூர் முழுக்க அப்படியே பார்த்தேன். அந்த மரம் இன்றும் காய்க்கிறது. அதில் எனக்குப் பெருமைதான்.

உடனே "அப்போ மருந்தே வேண்டாமா" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கிளையில் பட்டை கறுத்து உள்வாங்கி, அங்கே பிசின் வந்தால் சைட்டோஸ்போரா என்ற பூஞ்சைப் புண்ணாக இருக்கலாம். பட்டைக்குள் இறங்கிவிட்ட அதை மேலே தெளிக்கும் மருந்து குணப்படுத்தாது. ஈரமில்லாத நாளாகப் பார்த்து, புண்ணுக்குக் கீழே நோயில்லாத நல்ல கட்டை தெரியும் இடத்தில் கிளையை வெட்டி அப்புறப்படுத்துங்கள். மழை ஈரத்தில் கவாத்து செய்தால் வெட்டுக்காயம் வழியாகவே நோய் நுழையும். தண்ணீர் தேங்குகிற இடமென்றால் முதலில் வடிகாலைக் கவனியுங்கள்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்கிறேன். ஒட்டுக்கன்று விற்பவர்கள் பலர் பழத்தின் படத்தை ஒட்டுகிறார்கள், ஒட்டுக்குக் கீழே வேரோடு இருக்கும் வேர்ச்செடி எது என்று சொல்வதில்லை. மண்ணையும் ஈரத்தையும் தாங்குமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. கேட்டால் "நல்ல ரகம்" என்பார்கள். வேர்ச்செடி எது என்று சொல்லாத இடத்தில் நான் இப்போது கன்று வாங்குவதில்லை.