மச்சம் விழுந்த கல்

அன்புள்ள ஐயா,

ஏலகிரி மலைப்பாதையோரம் வெட்டிய பாறையில், வெளிர்நிறக் கல்லுக்குள் முட்டை வடிவில் கறுப்புத் திட்டுகளைக் கண்டேன். உடன் வந்த கொத்தனார் அதை 'மச்சம்' என்றார். மச்சமுள்ள கல் தரைக்கு ஆகாதாம். இது கறையா, அல்லது பழைய கல் உள்ளே விழுந்து ஒட்டிக்கொண்டதா?

ஆம்பூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கறை அன்று. விழுந்த கல்லாக இருக்கும் வாய்ப்பும் குறைவு. உங்கள் 'முட்டை வடிவம்' என்ற சொல்லே அதற்குச் சாட்சி. பாறைக்குழம்பில் விழும் திடக்கல் பெரும்பாலும் உடைந்த கோணங்களுடன் கிடக்கும். திட்டு உருண்டும் விளிம்பு நெளிந்தும் இருந்தால், கறுப்பும் வெளுப்பும் ஒரே காலத்தில் குழம்பாக இருந்தன என்று கொள்ளலாம்.

வெளிர்நிறக் கிரானைட் குழம்பு பொதுவாக 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மிகக் கெட்டியாக இருக்கும். அதற்குள், 1100 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில், இரும்பும் மக்னீசியமும் மிகுந்த இளகிய கரிய பசால்ட் குழம்பு கீழிருந்து புகும்போது, அதிரசத்துக்குப் பதம் பார்க்கத் தண்ணீரில் விட்ட வெல்லப்பாகு போல அது சட்டென்று குளிர்ந்து உருண்டு திரள்கிறது. விரைந்து குளிர்வதால் திட்டின் கனிமப் பரல்கள் சிறுத்திருக்கும், விளிம்பில் இன்னும் பொடியாக.

ஆனால் எனக்கு வியப்பூட்டுவது விளிம்பைவிட, எல்லை தாண்டிய படிகங்களே. வெளிர்க் குழம்பில் வளர்ந்த ஃபெல்ஸ்பார் என்னும் கனிமத்தின் பெரிய படிகம் கறுப்புத் திட்டுக்குள் தனியே கிடக்கும். சில வேளை பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும். இடம் மாறிய ஃபெல்ஸ்பாரைச் சுற்றி வேறு வகை ஃபெல்ஸ்பார் உறைபோலப் படிவதும், குவார்ட்ஸ் (படிகக்கல்) மணியைச் சுற்றி ஹார்ன்பிளெண்ட் என்னும் கரிய கனிமத்தின் வளையம் விழுவதும் கிரானைட்டுகளில் காணக்கூடியவை. இரு குழம்புகள் கலந்து இடைப்பட்ட பாறைகள் உருவாகும் என்று ஐஸ்லாந்துப் பாறைகளைக் கொண்டு 1851-இல் எழுதியவர் ராபர்ட் புன்சன். பள்ளி ஆய்வகத்தில் நாம் பற்றவைத்த அடுப்புக்குப் பெயர் தந்த அதே வேதியியலாளர்.

ஒரு திருத்தம்: ஏலகிரிக் கல் கண்டிப்பான பொருளில் கிரானைட் அன்று, குவார்ட்ஸ் சொற்பமாக உள்ள சையனைட். வயது ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகள். அங்கே குழம்புகள் கலந்த தடங்களைப் புவியியலாளர்கள் 2014-இல் விரிவாகவே பதிவுசெய்துள்ளனர்.

இதை வைத்து வேலூர்ப் பக்கத்துக் கறுப்பையெல்லாம் கலப்பு என்று சொல்லிவிட முடியாது. நேர்கோடாக ஓடும் கரும்பட்டை, கெட்டிப்பட்ட பாறையின் வெடிப்பில் பின்னாளில் குழம்பாக ஏறி உறைந்த டோலரைட் என்னும் கரும்பாறையாக இருக்கலாம். வரிவரியான நைஸ் பாறையில் நீண்டு நசுங்கிய திட்டுகளின் மூலத்தைக் கண்ணால் மட்டும் தீர்மானிப்பது கடினம். அடுத்த முறை ஒரு கைலென்ஸுடன் செல்லுங்கள். திட்டின் நடுவை விட்டு விளிம்பைப் பாருங்கள்.