யாரும் நம்பாத ஸ்பாம் மெயிலை ஏன் இன்னும் அனுப்புகிறார்கள்?

கேள்வி: "கோடிக்கணக்கில் பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் மெயிலை யார்தான் நம்புகிறார்கள்? ஸ்பாமில் என்னென்ன வகை உண்டு?"

நம்புகிறவர்கள் மிகக் குறைவு. அனுப்புகிறவருக்கு அந்தக் கொஞ்சப் பேரே போதும். 2008-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஒரு ஸ்பாம் வலையமைப்புக்குள் நுழைந்து கணக்கெடுத்தார்கள். மருந்து விளம்பர மெயில் ஏறத்தாழ 35 கோடி போயிருந்தது. வாங்க முன்வந்தவர்கள் 28 பேர்! அஞ்சல்தலை ஒட்டி அனுப்பியிருந்தால் அந்த வியாபாரம் முதல் நாளே படுத்திருக்கும். மெயிலில் செலவு கிட்டத்தட்ட இல்லை, ஏனென்றால் அதை அனுப்புவது பெரும்பாலும் வைரஸ் புகுந்த அடுத்தவர் கம்ப்யூட்டர்கள். 'பாட்நெட்' என்பார்கள். தன் கணினி இரவெல்லாம் ஸ்பாம் அனுப்புவது அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. இந்தக் கணினிகளை ஆட்டுவித்த சர்வர்கள் பல இருந்த மெக்கோலோ என்ற நிறுவனத்தின் இணைய இணைப்பை 2008 நவம்பரில் துண்டித்தபோது, உலக ஸ்பாமில் பாதிக்கு மேல் சட்டென்று நின்றது. சில மாதங்களில் பழையபடி ஏறிவிட்டது.

பரிசு மெயில் அவ்வளவு அபத்தமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மெயில் அனுப்புவது இலவசம், ஆனால் பதில் போடுகிறவரிடம் நாள்கணக்கில் பேசிப் பணம் கறக்க ஆள் வேண்டும். சந்தேகப்படுகிறவர்கள் முதலிலேயே விலகிவிட்டால் மோசடிக்காரருக்கு நேரம் மிச்சம். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012-ல் இதைக் கணக்குப் போட்டே விளக்கினார்.

வெறும் விளம்பர ஸ்பாம் தொல்லைதான், ஆபத்து குறைவு. கூகுள் போன்ற தேடலில் தங்கள் தளம் மேலே வருவதற்காகக் கண்ட இடத்திலும் லிங்க்கைக் கொட்டுவதும் அப்படித்தான். நான் உண்மையிலேயே பயப்படுவது ஃபிஷிங்குக்கு, அதாவது வங்கி போலவோ கம்பெனி போலவோ வேஷம் போட்டுப் பாஸ்வேர்டையும் கார்டு எண்ணையும் கறக்கும் மெயிலுக்கு. 'உங்கள் கணக்கு முடக்கப்படும்', 'பார்சல் நிற்கிறது, முகவரியைச் சரிசெய்யுங்கள்' என்று வருமே, அது. நிஜமாகவே பார்சலுக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு அந்த நேரம் பார்த்து வந்தால் யாராக இருந்தாலும் லிங்க்கை அழுத்திவிடுவார்கள். ஏமாந்தவரை முட்டாள் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது.

அனுப்பியவர் என்று மேலே தெரியும் பெயரில் யார் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். 1982-ல் மின்னஞ்சலுக்கு வகுத்த விதிகளில் அனுப்புகிறவரைச் சரிபார்க்க வழியே கிடையாது. அதைச் சரிபார்க்க வந்த எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற முறைகள் எல்லாம் பிற்பாடு போட்ட ஒட்டு. அதனால் லிங்க்கைப் படிக்கத் தெரிய வேண்டும். 'உங்கள்வங்கி.காம்.சரிபார்ப்பு.நெட்/லாகின்' என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் வங்கிப் பெயரில்தான் கண் நிற்கும். ஆனால் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் 'சரிபார்ப்பு.நெட்' யாருடையதோ, அவருடைய தளம் அது. வங்கிப் பெயர் சும்மா முன்னால் ஒட்டியது. பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்றும் நம்பிவிடாதீர்கள், இப்போது போலித் தளங்களுக்கும் அது சுலபமாகக் கிடைக்கிறது. சந்தேகம் வந்தால் லிங்க்கை விட்டுவிட்டு, முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கள்.

அப்புறம், 'அன்சப்ஸ்கிரைப்' அழுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். நீங்களே பதிவுசெய்த நிறுவனம் என்றால் தாராளமாக அழுத்துங்கள். மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் விளம்பர மெயில்களில் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் 2024-ல் விதித்தன. முன்பின் தெரியாதவர் என்றால் அழுத்த வேண்டாம். இந்த முகவரியை ஒருவர் பார்க்கிறார் என்று நீங்களே சொன்னதாகிவிடும். ஸ்பாம் என்று குறித்துவிடுங்கள், வடிகட்டிக்கும் அது பாடம்.

ஏற்கெனவே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டீர்களா? இப்போதே மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டு வேறு எங்கெங்கே இருக்கிறதோ அங்கும். கார்டு எண் கொடுத்திருந்தால் வங்கிக்கு உடனே போன் போடுங்கள், வெட்கப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம்.